விக்ரமாதித்யன் கவிதைகளில் 'நான்' என்னும் வேடம்

புலவர் ஒருவரின் பாட்டைப் பயிலுமுன் அவர்தம் வாழ்க்கையைப் பயின்று, அவ்வாழ்க்கையைக் கொண்டே பாட்டினை மதிப்பிடுவது இக்காலத் திறனாய்வில் பெருகிவரும் வழக்கமாகும். சங்கப் புலவர் பலரின் வாழ்க்கையை நாம் அறியோம். சிலருடைய இயற்பெயரும் அறியோம். அவர்தம் பாட்டில் வந்த அருந்தொடராலேயே செம்புலப்பெயனீரார் என்றும் அணிலாடுமுன்றிலார் என்றும் அவர்களை அழைத்து வருகிறோம். இவ்வறியாமையால் அப்பாடல்களின் சுவை குறைந்ததாக எவரும் கூறார். ஆனால் புதுக்கவிதையை ஆராயப் புகும்போது மட்டும் இந்நெறியை நாம் கைவிட்டு விடுகிறோம். கவிதையில் 'நான்' என்ற சொல் வந்தவுடனே அது கவிஞரைத்தான் குறிக்கும் என்று துணிந்து விடுகிறோம்.

இத்துணிபினால் நேரும் இழப்பினை எடுத்துக்காட்டுவதற்கு ஏற்ற கவிஞர், பொருநை பாயும் நெல்லைச் சீமையைச் சேர்ந்த விக்ரமாதித்யன் ஆவார். அவர் கவிஞர், திரைப்படத்தில் வேடம் ஏற்ற நடிகருமாவார். இவ்விரண்டு தொழில்களுக்கும் இடையே உள்ள உறவினை நோக்கினால், அவர் கவிதைகளில் பேசும் 'நான்' வாக்குமூலம் அன்று, ஏற்றுக்கொண்ட வேடமே என்பது விளங்கும். இதனை நிறுவுதலும், இவ்வளவுகோலால் அவர் கவிதைகளின் நிறைகுறைகளை அளந்து காட்டுதலும் இக்கட்டுரையின் நோக்கமாகும்.

1. வாழ்வும் பெயரும்

விக்ரமாதித்யன் 1947 இல் பிறந்தவர். நம்பிராஜன் என்பது இவர் இயற்பெயர். இதழாளராகப் பல இதழ்களில் பணிபுரிந்தவர். இவருடைய முதற்கவிதைத் தொகுதியாகிய 'ஆகாசம் நீல நிறம்' 1982 இல் வெளிவந்தது. அதன்பின் 'ஊரும் காலமும்', 'உள்வாங்கும் உலகம்', 'எழுத்து சொல் பொருள்', 'திருஉத்தரகோசமங்கை', 'கிரகயுத்தம்', 'ஆதி', 'கல் தூங்கும் நேரம்', 'வீடு திரும்புதல்', 'சுடலைமாடன் வரை' முதலிய பல தொகுதிகள் வந்துள்ளன. கவிதை பற்றிய கட்டுரை நூல்களும் சிறுகதைகளும் எழுதியுள்ளார். விளக்கு விருது, 2021 ஆம் ஆண்டுக்கான விஷ்ணுபுரம் விருது ஆகியன இவருக்கு வழங்கப்பெற்றன. இயக்குநர் பாலாவின் 'நான் கடவுள்' என்னும் திரைப்படம் 2009 இல் வெளிவந்தது. அதில் இவர் ஒரு வேடம் தாங்கி நடித்தார்.

இவர்தம் நூற்பெயர்களே ஆராயத்தக்கன. 'எழுத்து சொல் பொருள்' என்பது தொல்காப்பியத்தின் மூன்று அதிகாரங்களையும் வரிசை மாறாமல் நினைவூட்டுகிறது. 'ஊரும் காலமும்' என்பதோ நிலமும் பொழுதும் ஆகிய முதற்பொருளின் இக்கால வடிவமாகவே ஒலிக்கிறது. கட்டுரை நூல் ஒன்றின் பெயர் 'தன்மை முன்னிலை படர்க்கை' என்பது. புதுக்கவிதையாளர் மரபிலக்கணத்தை அறியாதவர் என்றும் வெறுப்பவர் என்றும் கூறுவார் உளர். அக்கூற்று இவர்பாற் பொருந்தாமைக்கு இப்பெயர்களே சான்றாம். யாப்பினை நீக்கினாரேயன்றி, இலக்கணம் வகுத்த நோக்கினை இவர் நீக்கவில்லை.

புனைபெயரும் அவ்வாறே நோக்கத்தக்கது. நம்பிராசன் என்பது வள்ளியை வளர்த்த வேடர் தலைவனின் பெயர். மலையும் தினைப்புனமும் சார்ந்த பெயர். விக்கிரமாதித்தன் என்பதோ கதைமரபில் வரும் அரசன் பெயர். ஆறு திங்கள் நாட்டிலும் ஆறு திங்கள் காட்டிலும் வாழ்ந்தவன் என்று மக்கள் வழங்கும் கதைக்குரியவன் அவன். முடிவில்லாமல் கேள்வி கேட்கும் வேதாளத்தைத் தோளிற் சுமந்தவனும் அவனே. வீட்டிற்கும் வீதிக்கும் இடையே அலையும் ஒரு குரலைப் படைக்க விரும்பிய கவிஞர் இப்பெயரைத் தெரிந்துகொண்டமை தற்செயலாக இருத்தல் அரிது. அவர் புனைந்துகொண்ட முதல் வேடம் இப்பெயர் என்னலாம்.

2. கூற்றும் முன்னமும்

தொல்காப்பியர் செய்யுளுறுப்புக்களாக 34 கூறினார். அவற்றுள் மாத்திரை, அசை, சீர், அடி, தொடை முதலியன ஓசை பற்றியன. ஆனால் கூற்று, கேட்போர், களன், காலம், பயன், மெய்ப்பாடு, முன்னம் முதலியன ஓசை பற்றியன அல்ல. ஒரு பாட்டினுள் யார் பேசுகிறார், யார் கேட்கிறார், எவ்விடத்து, எப்பொழுது, எதன்பொருட்டு என்பன பற்றியன அவை. இன்ன இடத்தில் இன்ன காலத்தில் இக்கூற்றைச் சொல்லுதற்கும் கேட்டற்கும் உரியார் இன்னார் என்று கற்போன் குறிப்பால் உணருமாறு அமைப்பதே முன்னம் எனப்படும். பாட்டினுட் பேசுவோன் வேறு, பாட்டினை இயற்றினோன் வேறு என்ற தெளிவு இல்லாமல் இவ்வுறுப்புக்களை வகுத்திருக்க இயலாது. அகத்திணையுள் ஒருவரையும் இயற்பெயர் சுட்டிக் கூறலாகாது என்ற வரையறையும் இத்தெளிவின் பயனே.

புதுக்கவிதை ஓசை பற்றிய உறுப்புக்களை விட்டது. அதனால் மற்றைய உறுப்புக்களையும் விட்டுவிட்டது என்று கருதுதல் பொருந்தாது. ஓசைக்கட்டு நீங்கிய இடத்தில் கூற்றும் களனும் முன்னமுமே கவிதையைத் தாங்கி நிற்கின்றன. ஆகவே புதுக்கவிதையை ஆராய்வோர் கேட்க வேண்டிய முதல் வினா, 'இக்கவிஞர் எப்படி வாழ்ந்தார்?' என்பதன்று, 'இங்கே பேசுபவர் யார்?' என்பதே.

3. பொருநைக்கரை மரபு

பேசும் 'நான்' வேறு, பேசுபவனின் உடல் வேறு என்ற உண்மையைப் பொருநைக்கரை மக்கள் நெடுங்காலமாக அறிந்தவர்கள். கூத்தப்பெருமானுக்குரிய ஐம்பெரும் மன்றங்களுள் தாமிர சபை நெல்லையிலும் சித்திர சபை குற்றாலத்திலும் அமைந்துள்ளன. ஆடலும் வேடமும் இம்மண்ணில் வழிபாட்டோடு ஒன்றியவை.

இவ்வாற்றங்கரையில் உள்ள ஆழ்வார்திருநகரியில் தோன்றிய நம்மாழ்வார், திருவாய்மொழியில் சில இடங்களில் தாமாகப் பேசுகிறார். சில இடங்களில் தலைவியாகவும், சில இடங்களில் தாயாகவும், சில இடங்களில் தோழியாகவும் பேசுகிறார். உரையாசிரியர்கள் இவற்றை மகள் பேச்சு, தாய்ப் பேச்சு, தோழிப் பேச்சு என வகைப்படுத்தி ஓதினர். தலைவியின் ஏக்கத்தைப் பாடிய இடத்தில் ஆழ்வாரின் வாழ்க்கை நிகழ்ச்சியை எவரும் தேடவில்லை. அதனால் அப்பாசுரங்களின் உண்மை குறைந்துவிட்டது என்றும் எவரும் கருதவில்லை. வேடத்தினூடே வெளிப்படும் உண்மையே அங்குப் பெரிதாகப் போற்றப்பட்டது. திரிகூடராசப்பக் கவிராயர் குற்றாலக் குறவஞ்சியில் சிங்கியும் சிங்கனுமாக மாறிமாறிப் பேசியதும், பாரதியார் 'கண்ணன் பாட்டி'ல் தாயாகவும் தந்தையாகவும் சேவகனாகவும் காதலியாகவும் கண்ணனை நிறுத்தி, அதற்கேற்பத் தம் குரலையும் மாற்றிக்கொண்டதும் இவ்வழியின.

ஏட்டிலக்கியத்தைவிட நாட்டார் வழிபாட்டில் இது இன்னும் தெளிவாகக் காணப்படுகிறது. சுடலைமாடன் கோயில் கொடைகளில் வில்லுப்பாட்டும் கணியான் கூத்தும் நிகழ்கின்றன. கணியான் கூத்தில் அண்ணாவி பாட, மகுடம் முழங்க, ஆடவர் இருவர் பெண்வேடம் பூண்டு ஆடுவர். பாட்டின் வேகம் மிகும்போது சாமியாடியின்மேல் தெய்வம் இறங்குகிறது. அப்போது அவன் 'நான்' என்றே பேசுகிறான். நேற்று வயலில் நின்ற உழவன் இன்று 'நான் மாடன்' என்கிறான். சூழ நிற்கும் மக்கள் அவனைத் தற்பெருமை பேசுவோன் என்று எண்ணுவதில்லை. அவனுடைய வீட்டுச் செய்தியைச் சொல்கிறான் என்றும் எண்ணுவதில்லை. அக்குரல் யாருடையது என்பதை அவர்கள் அறிவார்கள். கொடை முடிந்தபின் அவனை முன்போலவே பெயர் சொல்லி அழைக்கிறார்கள். எழுத்தறிவில்லாதாரும் எளிதில் உணரும் இவ்வேறுபாட்டினை ஏட்டறிவுடைய திறனாய்வாளர் மறந்துவிடலாமா?

4. தன்மைக் கூற்று: 'பொருள்வயின் பிரிவு'

இனி இவர்தம் கவிதைகள் மூன்றனை எடுத்து ஆராய்வோம். முதலாவது, 'பொருள்வயின் பிரிவு' என்னும் தலைப்புடையது. பிழைப்பின் பொருட்டு வைகறையில் மனைவி மக்களைப் பிரிந்து புறப்படும் ஒருவனின் கூற்றாக இது அமைந்துள்ளது. இதனைக் கவிஞரின் இதழ்ப்பணி வாழ்வோடு பொருத்தி, அவர் பட்ட துன்பத்தின் பதிவு என்று கூறி அமைவோர் உளர். அவ்வளவில் நின்றுவிட்டால் தலைப்பு எதற்கு என்ற வினாவிற்கு விடை கிடையாது.

பொருள்வயின் பிரிவு பாலைத்திணைக்குரிய துறை. தொன்மரபில் இப்பிரிவு வந்தவுடன் செலவழுங்குதல் என்ற நிலையும் உடன்வரும். புதல்வனைத் தழுவி நிற்கும் தலைவியின் முகக்குறிப்பைக் கண்டு, சொல்லொன்றும் கேளாமலே, செலவினைக் கைவிடும் தலைவனைப் பாலை பாடிய பெருங்கடுங்கோ அகநானூற்றில் காட்டியுள்ளார். அங்குத் தலைவன் தங்கிவிட இயலும். பொருள் தேடுதல் ஆடவர்க்குக் கடமையாயினும், இன்று போகாவிடின் நாளை போகலாம் என்னும் இடம் அவனுக்கு உண்டு. தலைவியின் கண்ணீருக்கு ஒரு செயலைத் தடுக்கும் வலிமை அவ்வுலகில் இருந்தது.

இவர்தம் கவிதையிலும் மனைவி உண்டு, மக்கள் உண்டு, வாயில் உண்டு, வைகறை உண்டு. ஆயின் செலவழுங்குதல் இல்லை. அவன் போகிறான். போகாமலிருக்கும் உரிமை அவனுக்கு இல்லை. சங்கத் தலைவனை வழியில் எதிர்கொண்டவை வறண்ட சுரமும் ஆறலைகள்வரும் ஆகும். இவன் எதிர்கொள்வது அன்றாடப் பயணமே. கொடுமை வழியில் இல்லை, வாயிற்படியிலேயே இருக்கிறது. சுரம் என்பது நிலத்தை விட்டு நீங்கி, மாதச் சம்பளத்தை எதிர்நோக்கும் வாழ்க்கையினுள் புகுந்துவிட்டது. தலைப்பு ஒன்றினாலேயே இரண்டாயிரம் ஆண்டுத் துறையை வரவழைத்து, அத்துறையின் முதன்மையான ஓருறுப்பை மட்டும் இல்லாததாக்கிக் காட்டுகிறார் கவிஞர். இன்மையே இங்குப் பொருளாகிறது.

இங்கே பேசும் 'நான்', தலைவன் என்னும் பழைய வேடத்தைத் தாங்கிய இக்கால மனிதன். வேடம் பழையது, உடல் புதியது. இரண்டும் பொருந்தாமையால் எழும் அவலமே கவிதை. இயற்பெயரோ ஊர்ப்பெயரோ அதற்குத் தேவையில்லை. தென்பாண்டி நாட்டிலிருந்து சென்னைக்கும் மும்பைக்கும் பிழைப்புத் தேடிப் போன எண்ணற்றோர் இக்கூற்றினுள் தம்மைக் காண்பதற்கு இதுவே காரணம். கவிஞரின் தனித்துன்பம் என்று நாம் சுருக்கிவிடுவோமாயின், அவர்களையெல்லாம் கவிதையினின்று வெளியேற்றியவர்கள் ஆவோம்.

5. படர்க்கைக் கூற்று: 'தட்சிணாமூர்த்தியான', 'கூண்டுப் புலிகள்'

இரண்டாவது கவிதை, 'தட்சிணாமூர்த்தியான' என்பது. இதில் 'நான்' என்ற சொல்லே இல்லை. துடியான காவல் தெய்வமாகிய கருப்பசாமி, நெடுங்காலம் கொடை வாராமையால் தன் படிகளை விட்டிறங்கி ஊர்தோறும் அலைந்து மனம் வெறுத்து, முடிவில் ஊனும் படையலும் வேண்டாத மோன குருவாகிய தட்சிணாமூர்த்தியாக ஆகிவிட்டது என்பது இதன் பொருள்.

இதனைக் கவிஞரின் தன்வரலாறாகக் கொள்வது வழக்கமாகிவிட்டது. ஊர்ஊராய் அலைந்த தெய்வம் கவிஞரே என்பர். அவ்வாறு கொள்ள இடமுண்டு. ஆனால் அதுமட்டுமே பொருளன்று. கருப்பசாமி நாட்டார் தெய்வம். ஊனுணவும் சுருட்டும் ஆட்டமும் அதற்குரியவை. தட்சிணாமூர்த்தி சிவன்கோயிலின் தென்புறத்தில் ஆலமர் நீழலில் அமர்ந்து முனிவர்க்கு வாய்பேசாது உபதேசிக்கும் வடிவம். ஒன்று பசியின் தெய்வம். மற்றொன்று பசி கடந்த தெய்வம். ஒன்றிலிருந்து மற்றொன்றிற்குச் சென்றது உயர்வா, தோல்வியா? ஞானத்தால் அடங்கிற்றா, அன்றிக் கேட்டுக் கேட்டுச் சலித்தமையால் அடங்கிற்றா? கவிதை இதற்கு விடை கூறவில்லை. நாட்டார் தெய்வங்கள் பெருந்தெய்வங்களாக மாற்றப்பெறுகின்ற சமய வரலாறு ஒன்று இச்சிறுகவிதையினுள் அடங்கியிருப்பதைக் காண்க. கொடை கொடுப்போர் மறந்ததால் ஒரு வழிபாட்டு முறையே உருமாறுகிறது. நகைச்சுவை போலத் தொடங்கி, சிரித்து முடிப்பதற்குள் துயரமாக மாறிவிடுகிறது கவிதை.

வாழ்க்கைவழித் திறனாய்வு இவ்விரண்டாம் பொருளைக் காணாது. 'அலைந்தவர் கவிஞர், அடங்கியவரும் கவிஞர்' என்று கூறிவிட்டால் சமய வரலாறும் விடையில்லா வினாவும் மறைந்துபோகும்.

மூன்றாவது, 'கூண்டுப் புலிகள்' என்பது. கூண்டில் அடைபட்ட புலிகள் அவ்வாழ்வுக்குப் பழகிவிட்டன, அவற்றிற்கு உரிய நேரத்தில் இரை கிடைக்கிறது, பெருங்குறை ஒன்றும் இல்லை என்ற போக்கில் இது செல்கிறது. இங்கே பேசுவோன் யார் என்று கேட்டால் கவிதையின் திறம் புலப்படும். புலியின்பால் இரக்கம் கொண்ட ஒருவன் இங்குப் பேசவில்லை. கூண்டினைக் காவல் செய்யும் அலுவலன் ஒருவன் மேலிடத்திற்கு எழுதும் அறிக்கையைப் போல உணர்ச்சியற்ற குரலில் இது பேசுகிறது. சினம் ஒரு சொல்லிலும் இல்லாமையால் கற்போன் உள்ளத்தில் சினம் பிறக்கிறது. கவிஞர் தாமே முன்வந்து அடிமைத்தனத்தைக் கண்டித்திருப்பின் அது அறவுரையாகியிருக்கும். காவலனின் வேடத்தைப் பூண்டமையால் அது கவிதையாயிற்று. தன்மையில் பேசும்போது தலைவனாகவும், படர்க்கையில் பேசும்போது ஊர்க்கதை சொல்வோனாகவும், அலுவலனாகவும் குரலை மாற்றிக்கொள்ளும் இவ்வாற்றல் நடிப்பாற்றலோடு ஒத்தது.

6. கவிஞரும் நடிகரும்

கவிஞர் நடிகராதல் நவீன இலக்கியத்தில் புதிதன்று. தமிழ்ப் புதுக்கவிதையின் தொடக்கத்திலேயே இதனைக் காண்கிறோம். வசனகவிதைக்கு வழிகோலிய ந. பிச்சமூர்த்தி (1900–1976), 1938 இல் வெளிவந்த 'ஸ்ரீ ராமானுஜர்' என்னும் திரைப்படத்தில் வேடம் தாங்கினார். பிரெஞ்சுக் கவிஞர் அந்தோனன் அர்த்தோ (1896–1948), மேடையிலும் திரையிலும் நடித்ததோடு, 1928 இல் டிரையர் இயக்கிய ஜோன் ஆப் ஆர்க் பற்றிய படத்தில் துறவியாகத் தோன்றினார். துருக்கி நாட்டின் நவீன கவிஞர் குச்சுக் இஸ்கெந்தரும் (1964–2019) திரையில் தோன்றியவரே. இவ்வியற்பெயரல்லாத பெயரும் அவர் சூடிக்கொண்டது என்பது நம் கவிஞரோடு ஒப்புநோக்கத்தக்கது. நாடும் மொழியும் வேறாயினும், கவிதையில் குரல் மாற்றிப் பயின்றோர்க்கு நடிப்பு அயலான தொழிலன்று என்பதை இவை காட்டும்.

பழந்தமிழ் மரபில் பாணரும் பொருநரும் கூத்தரும் விறலியரும் ஒரே வழியில் நடந்தவர்கள். ஆற்றுப்படை நூல்களில் பாட்டும் ஆடலும் வேடமும் வறுமையும் பயணமும் ஒன்றாகவே வருகின்றன. பாடுவோன் வேறு, வேடம் புனைவோன் வேறு என்று அவ்வுலகம் சுவரெழுப்பிப் பிரிக்கவில்லை.

'நான் கடவுள்' படம் மலைக்கோயிலைச் சூழ வாழும் இரவலர் உலகினைக் காட்டுவது. உடற்குறையுடையாரை வைத்துப் பொருளீட்டும் கொடுமையை அது காட்டுகிறது. ஜெயமோகனின் 'ஏழாம் உலகம்' என்னும் புதினத்தைத் தழுவிய பகுதிகள் அதில் உள்ளன, உரையாடலும் அவருடையது. இப்படத்திற்காகப் பாலா சிறந்த இயக்குநருக்கான தேசிய விருது பெற்றார். இத்தகைய உலகில் விக்ரமாதித்யன் ஒரு வேடம் ஏற்றமை அவர் கவிதையினின்று விலகிய செயலன்று.

மெய்ப்பாட்டியலில் இளிவரல் என்னும் மெய்ப்பாடு மூப்பு, பிணி, வருத்தம், மென்மை என்னும் நான்கன்வழிப் பிறக்கும் என்றார் தொல்காப்பியர். இளிவரல் என்பது பிறரை இகழ்தலன்று. இந்நான்கும் தன்கண்ணோ பிறர்கண்ணோ தோன்றும்போது உள்ளம் குன்றும் குன்றலாகும். வீரமும் காதலும் பாடிய அளவிற்குத் தமிழ்ச்செய்யுள் இளிவரலைப் பாடியதில்லை. விக்ரமாதித்யனின் கவிதைகளில் மேலோங்கி நிற்கும் மெய்ப்பாடு இதுவே. கையேந்தி நிற்கும் நிலை, கடனாளியாகும் நிலை, வீட்டாரின் முன் நாணும் நிலை, வயது ஏறி உடல் தளரும் நிலை ஆகியவற்றை அவர் பெருமிதம் கலவாமல் பேசுகிறார். படமும் இளிவரலின் உலகமே. கவிதையில் சொல்லாற் காட்டிய மெய்ப்பாட்டை அங்கு உடலாற் காட்ட நேர்ந்தது. மெய்ப்பாடு என்ற சொல்லே மெய்யின்கண் தோன்றுவது என்ற பொருளுடையது அன்றோ? ஆகவே நடிப்பும் கவிதையும் ஒரே இலக்கணத்தின் இருமுகங்கள் எனல் பொருந்தும்.

7. குறைகள்

இவ்வளவுகோல் நிறைகளை மட்டுமே காட்டுமாயின் அது அளவுகோலாகாது. விக்ரமாதித்யன் மிகப்பல கவிதைகளை எழுதியவர். அவற்றுள் கூற்றும் களனும் தெளிவாக அமைந்தவை நிலைபெறுகின்றன. அவை அமையாதவை தளர்கின்றன. களனும் கேட்போரும் இன்றி, வாழ்க்கை பற்றிய முடிவுரை ஒன்றினை இரண்டு மூன்று அடிகளில் கூறி முடியும் கவிதைகள் பல அவர் தொகுதிகளில் உள்ளன. அவற்றில் வேடம் இல்லை. கருத்து மட்டுமே எஞ்சுகிறது. அக்கருத்து பழமொழியின் அளவிற்குச் செறிவு பெறின் நிற்கும். பெறாதாயின் நாட்குறிப்பாகவே நின்றுவிடும்.

மற்றொரு குறையும் உண்டு. அலையும் கவிஞன் என்ற வேடத்தைப் படிப்போர் விரும்பினர். விரும்பப்பட்ட வேடத்தை மீண்டும் மீண்டும் புனைதல் நடிகனுக்கு நேரும் இடர். அவ்விடர் இவரையும் சில தொகுதிகளில் பற்றியுள்ளது. புதிய களன் இல்லாமல் பழைய 'நான்' மட்டும் திரும்பி வரும் இடங்களில் துன்பம் முறையீடாகச் சுருங்குகிறது. இக்குறைக்குக் கவிஞர் மட்டும் பொறுப்பல்லர். அவர் வாழ்க்கைக் கதையைப் பாராட்டி, கவிதையின் வேறுபாடுகளைப் பாராத நாமும் பொறுப்புடையோம். வேடத்தையே ஆளாகக் கருதி அவையினர் கைதட்டினால், நடிகன் வேடத்தைக் களைவது எளிதன்று.

இவர் காலத்தவராகிய நெல்லைக் கவிஞரோடு ஒப்பிட்டால் இவர்தம் நிலை தெளிவாகும். கல்யாண்ஜி பொருள்களை அன்போடு நோக்கும் கண்ணினால் பாடுகிறார். கலாப்ரியா தெருவின் காட்சிகளை அவற்றின் அழுக்கோடும் வேகத்தோடும் அடுக்கிக் காட்டுகிறார். இருவரும் காட்சியின் கவிஞர்கள். விக்ரமாதித்யனிடம் காட்சி குறைவு, அணி அதனினும் குறைவு. உவமையும் உருவகமும் மிகுந்த இக்காலக் கவிதையில் இவர் பேச்சையே பெரிதும் நம்புகிறார். ஆகவே பேச்சு தளரும்போது தாங்கிப்பிடிக்க வேறொன்றும் அவரிடம் இல்லை. பேச்சு சிறக்கும்போதோ, அணியால் எய்த முடியாத ஒரு நேர்மையை அவர் கவிதை எய்துகிறது. இரண்டும் ஒரே காரணத்தின் விளைவுகளே.

8. முடிபு

இதுகாறும் கூறியவற்றால், விக்ரமாதித்யனின் கவிதையைத் தன்வரலாற்றுச் சான்றாகக் கொள்ளுதல் அவருக்குச் செய்யும் சிறப்பாகாது என்பது புலனாகும். வாழ்க்கையை அளவுகோலாகக் கொண்டால், அவர் துன்புற்றமையால் உண்மையானவர் என்று மட்டுமே கூற இயலும். துன்புற்றோர் அனைவரும் கவிஞராகவில்லை என்ற உண்மைக்கு அவ்வளவுகோல் விடை கூறாது. கூற்று, களன், முன்னம், மெய்ப்பாடு என்னும் நம் இலக்கண அளவுகோல்களைக் கொண்டால், எக்கவிதை நிற்கும், எது நில்லாது, ஏன் என்று காரணங்காட்டிக் கூற இயலும்.

இதில் ஒரு கவிஞரின் மதிப்பு மட்டும் அடங்கியிருக்கவில்லை. புதுக்கவிதைகளை ஆராயும் முதுகலை மாணவர் பலரும், கவிஞரின் வாழ்க்கைக் குறிப்பை முதலில் தந்து, பின்பு கவிதைகளை அக்குறிப்புக்கு எடுத்துக்காட்டுகளாக அடுக்கிவிடுகின்றனர். வறுமை, பிரிவு, சமயம் என்று பாடுபொருள்கள் பட்டியலாகின்றன. அப்பட்டியலில் 'பொருள்வயின் பிரிவு' வறுமையின் கீழும், 'தட்சிணாமூர்த்தியான' சமயத்தின் கீழும் சென்று சேரும். செலவழுங்குதல் இல்லாத பாலையும், கொடை மறந்த ஊரும் எங்கும் சேரா. அவை சேராத ஆய்வு அக்கவிதைகளைப் பற்றிய ஆய்வாகாது.

தொல்காப்பியம் யாப்புடைய செய்யுளுக்கு மட்டும் உரியது என்று கருதிப் புதுக்கவிதைக்கு மேனாட்டுக் கொள்கைகளையே நாடுவோர், செய்யுளியலின் பின்பகுதியை மீண்டும் ஒருமுறை பயிலுதல் நலம். ஓசையை இழந்த கவிதைக்கும் உயிர் எங்கே இருக்கிறது என்பதை அப்பகுதி கூறுகிறது. அதனைக் கருவியாகக் கொண்டு நோக்குவார்க்கு, நெல்லைச் சீமையின் இக்கவிஞர் பாணர் மரபில் வந்த கூத்தராகத் தோன்றுவார். அவர் 'நான்' என்னும்போது அங்கே நிற்பவர் யார் என்று வினவுதலே அவரைக் கற்கும் முறையின் தொடக்கமாகும்.